பழைய சிஸ்டத்துக்கு எந்த ஓ.எஸ்.? கோத்தகிரி சர்வீஸ் கடையிலிருந்து ஒரு அலசல்

விண்டோஸ் 10-க்கு இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து என் கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரே கேள்விதான். "இதையே ஓட்டலாமா, மாத்தணுமா?" மாற்றுவதென்றால் விண்டோஸ் 11, லினக்ஸ், மேக், குரோம் ஓ.எஸ். என்று நான்கு வழி (ஓ.எஸ். என்றால் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்). பாதுகாப்பு ஒரு பக்கம், பழகுவதற்கு எளிமை ஒரு பக்கம் என்று பார்ப்பதுதான் எங்கேயும் வழக்கம். மலையில் மூன்றாவதாகக் கரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கவுண்டரில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். ஜூன் மாதம், அட்மிஷன் நேரம். பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது மலைக் கிராமத்திலிருந்து, வந்த பெண் ஒருவர் சான்றிதழைப் பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவை நீட்டுகிறார். விண்டோஸ் சிஸ்டத்தில் செருகினால் ஃபோல்டர் எதுவும் இல்லை. டிரைவின் பெயரிலேயே ஒரு ஷார்ட்கட் மட்டும் நிற்கிறது. அதைக் கிளிக் செய்தால் ஃபைல்கள் என்னவோ திறக்கும். கூடவே சத்தமில்லாமல் ஒரு ஸ்கிரிப்டும் ஓடி என் சிஸ்டத்தில் ஏறிக்கொள்ளும். அப்புறம் அன்றைக்குக் கடைக்கு வரும் எல்லாருடைய டிரைவுக்கும் நானே அதைப் பரப்பிக்கொண்டிருப்பேன். இதற்கு எங்கள் தொழிலில் ஷார்ட்கட் வைரஸ் என்று பெயர்.

அதே டிரைவை லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் போட்ட சிஸ்டத்தில் செருகினால், விண்டோஸில் மறைத்து வைத்திருந்த ஃபோல்டர் பளிச்சென்று தெரிகிறது. பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர், அதற்குள் சான்றிதழ், ஃபோட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பக்கத்தில் அந்த ஷார்ட்கட்டும் ஸ்கிரிப்டும் சும்மா கிடக்கின்றன. அவை விண்டோஸில் ஓடுவதற்காக எழுதப்பட்டவை, இங்கே அவற்றுக்கு வேலை இல்லை. அழித்துவிட்டுப் பிரிண்ட் கொடுத்து அனுப்பலாம். வெளியாள் பென் டிரைவை நான் வாங்குவது இப்போதெல்லாம் மின்ட் சிஸ்டத்தில் மட்டும்தான்.

இதை வைத்து லினக்ஸுக்கு வைரஸே வராது என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற சுருக்க மென்பொருளுக்குள் யாரோ ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் வைத்துவிட்டிருந்தது தெரியவந்தது. சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் நோண்டிப் பார்த்ததால்தான் பிடிபட்டது. அவர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில் என்பது தனிச் சுவை. உபுண்டு, மின்ட் போன்றவற்றின் நிலையான பதிப்புகளுக்குள் அது வருவதற்கு முன்பே தடுத்துவிட்டார்கள். லினக்ஸ் மென்பொருளின் மூலநிரல் யாரும் படிக்கும்படி திறந்து கிடப்பதால் அவரால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. அதே திறந்த கதவு வழியாகத்தான் பின்வாசல் வைத்தவனும் வந்தான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

விண்டோஸ் பக்கம் வருவோம். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் உலகத்தையே உலுக்கியது நினைவிருக்கும். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. நடுவில் இரண்டு மாதம் போடாமல் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். ஆக, குறை சொல்வதானால் அப்டேட்டை அணைத்து வைத்த கையையும் சொல்ல வேண்டும். அந்தக் கையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "டேட்டா போயிடுது, அதை ஆஃப் பண்ணி விடுங்க அண்ணா" என்பார்கள்.

விண்டோஸ் 11 நல்ல பூட்டோடு வருகிறது. சாவிகளைக் காக்கும் டி.பி.எம். 2.0 சிப்பும், ஆன் ஆகும்போதே சிஸ்டத்தைச் சோதிக்கும் செக்யூர் பூட் வசதியும் இருந்தாக வேண்டும், டிஃபெண்டர் என்ற ஆன்ட்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்குத் தனியாக ஆன்ட்டிவைரஸ் வாங்கத் தேவையில்லை என்பது என் கணக்கு. கெடுப்பது, காசு கொடுக்காமல் விண்டோஸை ஓட்டவைக்கும் கிராக். அதற்கான ஆக்டிவேட்டரை ஓட்டுகிறவர் முதலில் செய்வதே டிஃபெண்டரை அணைப்பதுதான். அதற்கப்புறம் உள்ளே எது வந்தது, எது போனது என்று யாருக்கும் தெரியாது. கிராக் போட்ட விண்டோஸ் 11-ஐவிட, அப்டேட் ஒழுங்காக வாங்கும் மின்ட் எவ்வளவோ மேல். காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் என்றால் இந்த வாதத்தை நான் வைக்க மாட்டேன்.

பூட்டு நன்றாக இருப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சென்ற வருடம் ஒரு லேப்டாப் வந்தது. மதர்போர்டு வேலை பார்த்து ஆன் செய்தால் நீலத் திரை, 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது. டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, அதாவது அந்தக் கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறது. கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், சரி. அந்தக் கணக்கை உருவாக்கியது லேப்டாப் விற்ற கடைக்காரர். எந்த மெயில், என்ன பாஸ்வேர்டு என்று அவருக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் முதல் எஸ்டேட் கணக்கு வரை எல்லாம் போயிற்று. திருடனிடமிருந்து காப்பாற்றும் பூட்டு சொந்தக்காரரையும் வெளியே நிறுத்திவிட்டது. மின்ட் நிறுவும்போதும் என்கிரிப்ஷன் உண்டு, ஆனால் வேண்டுமா என்று நம்மைக் கேட்டுத்தான் போடும். எளியவர்களுக்கு அந்தக் கேள்வியே ஒரு பாதுகாப்பு என்று தோன்றுகிறது.

சரி, எளிமை. யாருக்கு எளிமை என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் டாலி என்ற கணக்கு மென்பொருள் ஓடுகிறது, அது விண்டோஸுக்கானது. சேவை மையங்களில் கைரேகைக் கருவிக்கான டிரைவர் பெரும்பாலும் விண்டோஸை நம்பியே இருக்கிறது. வானவில், பாமினி ஃபாண்டில் இருபது வருடம் தட்டச்சு செய்த ஃபைலை லினக்ஸில் திறந்தால், அந்த ஃபாண்டையும் ஏற்றாதவரை ஒரே கிறுக்கலாகத் தெரியும். எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் தீரும். ஆனால் மனுவை எடுத்துக்கொண்டு அவசரமாக வருகிறவரிடம் யூனிகோடு வகுப்பு எடுக்க முடியாது.

இதெல்லாம் தேவைப்படாதவர்களும் ஏராளம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் டெஸ்க்டாப்பில் நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர். விண்டோஸ் 11 எதிர்பார்ப்பது இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். தடையைச் சுற்றிக்கொண்டு போய் 11-ஐ ஏற்றவும் வழி இருக்கிறது, ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ் 10-க்கே கூடுதல் காலம் வாங்கலாம் என்றால், வீட்டுப் பயனர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். அவருக்கு மின்ட் 22 போட்டுக் கொடுத்தேன், 2029 வரை அப்டேட் உண்டு. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணி, பழகிய முகம்தான். தமிழ்99 விசைப்பலகையும் அமைத்துவிட்டேன். ஒரு வாரத்தில் போன் வந்தது: "தம்பி, எல்லாம் சரி, பிரிண்டர்தான் முரண்டு பிடிக்கிறது." போய்ப் பார்த்ததில் டிரைவர் தேடவே அரை நாள். லினக்ஸின் பலவீனம் எங்கே என்று கேட்டால் நான் பழைய பிரிண்டரைத்தான் காட்டுவேன். கூடலூர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாகவே படாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸில்தான் பாடம் படிக்கிறார்கள்.

இப்போது கரண்ட். காற்று மழைக் காலத்தில் ஒரு மரம் லைன் மேல் விழுந்தால் போதும், அரை நாள் இருட்டு. விண்டோஸ் அப்டேட் 60 சதவீதத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது டெஸ்க்டாப் அணைந்தால், திரும்ப வந்ததும் பழைய நிலைக்குப் போக முயலும். பெரும்பாலும் போய்விடும், சில சமயம் நடுவில் நின்றுவிடும். மின்டில் பாதியில் நின்றால் டெர்மினலைத் திறந்து ஒரு கட்டளை கொடுக்க வேண்டியிருக்கும். எனக்கு அது இரண்டு நிமிட வேலை, தலைமையாசிரியருக்கு அது என்னை வரவழைக்கிற வேலை. இந்த ஒரு விஷயத்தில் குரோம் ஓ.எஸ். மற்றவற்றைவிட முன்னால் நிற்கிறது. அதில் சிஸ்டம் இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட் மற்றொன்றில் ஏறும். நடுவில் கரண்ட் போனால் பழைய பிரதி அப்படியே எழுந்து வரும். (மழைக்காலத்து ஈரத்துக்கு மட்டும் எந்த ஓ.எஸ்.ஸும் மருந்தல்ல. பீப் பீப் என்று கத்தினால் ராமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருக வேண்டியதுதான்.)

குரோம்புக் ஒவ்வொரு முறை எழும்போதும் தன் சிஸ்டத்தை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று சோதித்துக்கொள்ளும். 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து வருட அப்டேட் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் என்றால் அதுதான் பாதுகாப்பிலும் எளிமையிலும் முதல். ஃபைபர் வராத ஹட்டியில் அதை வாங்கிக் கொடுத்தால் திட்டு வாங்குவீர்கள். பழைய கணினிக்கு குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் போடலாம், ஆனால் குரோம்புக்கின் அந்தச் சோதனை அதில் இல்லை.

மேக்கைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. வெளியிலிருந்து இறக்கும் மென்பொருளைக் கேட்கீப்பர் என்ற காவல் வசதி சோதித்துத்தான் உள்ளே விடும். தமிழ் விசைப்பலகை கூடவே வரும், கண்ணுக்கும் இதமாக இருக்கும். 2012-இல் ஃபிளாஷ்பேக் என்ற வைரஸ் சுமார் ஆறு லட்சம் மேக்குகளைப் பிடித்தது என்பதையும் மறக்க வேண்டாம். கெட்டுப்போனால் என்னிடம் வராதீர்கள், கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டும். டாலியும் ஓடாது.

போன மாதம் சிறு தேயிலை விவசாயி ஒருவர் வந்தார். கணக்கும் கூட்டுறவுச் சங்க வேலையும் அவருக்கு, ஆன்லைன் வகுப்பு மகளுக்கு. புதிதாக வாங்க ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது. எட்டாம் தலைமுறை பிராசஸரோடு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று எடுத்து, ஒரிஜினல் விண்டோஸ் 11 போட்டு அவருக்குக் கொடுத்தேன். பழைய டெஸ்க்டாப்பில் மின்ட் ஏற்றியதை மகள் எடுத்துக்கொண்டாள். மெயில் கணக்கை அவர் போனிலேயே, அவர் கையாலேயே உருவாக்க வைத்தேன். அந்த 48 இலக்கத்தை எங்கே எழுதுவது என்று தேடியபோது, பையிலிருந்து பச்சை இலைக் கணக்கு நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் ஆறு ஆறாகப் பிரித்து எழுதிக் கொடுத்தேன். மறுநாள் போனில் சிரித்தார். இத்தனை கிலோ இலை எந்த மாதம் போட்டோம் என்று வீட்டில் கேட்டார்களாம்.