சிட்ரா ஹாப்ஸ் நாற்று வாங்கி ஏமாந்த கதை: சமாதானம் கேட்டே கெடுவைக் கோட்டைவிட்டேன்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியையும் நாமே வளர்த்தால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இணையத்தில் செடி விற்கும் ஒருவரிடம் சிட்ரா ரகத்தில் நான்கு கிழங்குத் துண்டுகளுக்குப் பணம் கட்டினேன். "எல்லாமே பெண் செடி, உத்தரவாதம்" என்று போட்டிருந்தார். பீருக்கு வேண்டியது பெண் செடியில் வரும் கூம்புதான். அதனால் அந்த ஒரு வரியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஹாப்ஸ் கிழங்குத் துண்டு பென்சில் பருமனில், அங்கங்கே வெள்ளை முளையோடு இருக்கும். படுக்கவைத்து இரண்டு அங்குலம் மண் போட்டு மூட வேண்டியதுதான். பார்சலில் வந்ததோ பிளாஸ்டிக் கோப்பைகளில் நான்கு நாற்றுகள். கேட்டதற்கு, "கிழங்கு சீசன் முடிஞ்சிடுச்சு சார். அதே கிழங்குல முளைக்க வெச்சதுதான், உங்களுக்கு ஒரு மாசம் மிச்சம்" என்றார். செடி உறங்கும் காலத்தில்தான் கிழங்கைத் தோண்டுவார்கள் என்பது எனக்கும் தெரியும். சரி என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு நாற்றின் அடித்தண்டிலும் குறுகலாக இரண்டு விதையிலைகள் பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. கிழங்கில் முளைத்ததற்கு விதையிலை ஏது? கண் பார்த்தது, புத்தி வேலை செய்யவில்லை.

கொடி வளர்ந்த வேகம் இருக்கிறதே! கட்டிய கயிறு போதாமல் பக்கத்து வேலிக்குத் தாவியது. கயிற்றை மாற்றிக் கட்டப் போனால் முழங்கை வரை சிவப்புச் சிவப்பாகக் கீறல். ஹாப்ஸ் தண்டில் கொக்கி முடி உண்டு, கொஞ்சம் கீறத்தான் செய்யும், ஆனால் இது அரம் மாதிரி அறுத்தது. இலையை எண்ணினேன். பெரிய இலைகளில் ஏழு மடல்கள். பீர் ஹாப்ஸுக்கு மூன்று, மிஞ்சினால் ஐந்துதான். இலைக்காம்பும் இலையைவிட நீளமாக இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "இளஞ்செடியில் இலை முன்னேபின்னே இருக்கும்." அதுவும் முழுப் பொய் இல்லை.

அப்புறம் இரண்டு செடிகள் கொத்துக்கொத்தாக மகரந்தப் பூ விட்டன. ஆண்! ஒரே தாய்ச்செடியின் துண்டுகள் என்றால் நான்கும் பெண்ணாகத்தான் இருந்தாக வேண்டும். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: வெயில் தாங்காமல் பெண் செடியே சில நேரம் ஆண் பூ விடுமாம். அப்படி நடப்பதுண்டு, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, செடி முழுக்க அல்ல. இப்படிப் பேசிப் பேசியே பணம் திருப்பிக் கேட்கும் கெடு தாண்டிவிட்டது. மனிதர் செடியைப் பற்றித் தெரியாதவர் இல்லை. நன்றாகத் தெரிந்ததால்தான் இவ்வளவு பொருத்தமாகச் சமாதானம் சொல்ல முடிந்தது.

மிச்ச இரண்டு செடிகளில் கூம்பு வந்தது. ஒன்றைப் பறித்து நீளவாக்கில் கிழித்தேன். நல்ல ஹாப்ஸ் என்றால் உள்ளே இதழடியில் மஞ்சள் தூள், அதாவது லுபுலின், அப்பியிருக்கும். தேய்த்தால் விரல் பிசுபிசுக்கும், வாசனை போகவே போகாது. பீரின் கசப்பே அதில்தான் இருக்கிறது. இதில் வெறும் பச்சை இதழ், புல் வாசனை. மனசு கேட்காமல் ஒரு சின்னப் பானை மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, புளிக்கவைத்துப் பார்த்தேன். கசப்பு மருந்துக்குக்கூட இல்லை. சில பாக்டீரியாக்களை அடக்கி வைப்பதும் ஹாப்ஸின் வேலை. அது இல்லாமல் இரண்டே வாரத்தில் புளித்த காடியாகிவிட்டது.

"முதல் வருஷம் அப்படித்தான், ரெண்டாம் வருஷம் பாருங்க." இதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. முதல் வருடம் ஹாப்ஸ் குறைவாகக் காய்ப்பது உண்மைதான். ஆனால் என் செடிகள் குளிரில் வேரோடு செத்தன. நிஜ ஹாப்ஸ் மேலே காய்ந்தாலும் கிழங்கிலிருந்து வருடாவருடம் துளிர்க்கும். என்னிடம் வந்தது ஜப்பான் ஹாப்ஸ், ஒரே வருடத்தில் முடிந்துபோகும் களைக்கொடி. விதை கொட்டிப் பரவுவதால் ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இதை ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வேலியோரம் இன்னமும் முளைக்கிறது, கையுறை போட்டுப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆரம்பத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். சிட்ரா உரிமம் உள்ள ரகம், ஒப்பந்தப் பண்ணைகளுக்கு வெளியே அதன் கிழங்கு விற்பனைக்கே வராது. வீட்டில் வளர்க்க கேஸ்கேட் மாதிரி, 1972இல் வெளியான, யாரும் நடக்கூடிய ரகங்கள் இருக்கின்றன. வாங்குகிறவர்கள் கிழங்காகவே கேளுங்கள். நாற்று வந்தால் முதல் நாளே அடித்தண்டைப் படம் எடுத்துவிட்டு, கெடு முடிவதற்குள் புகாரை எழுத்தில் கொடுங்கள்.

நேற்று அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். அதே கோப்பை, அதே நாற்று, அதே படம். பெயர் மட்டும் இப்போது மொசைக். அதுவும் உரிமம் உள்ள ரகம்தான்.