பித்தளையா, வெள்ளியா, மரமா: கடற்கரை வீட்டுக்கு எந்தச் சிமிழ்?

டச்சுக் குடாப் பக்கம் யன்னலைத் திறந்துவைத்தால், ஒரு கிழமைக்குள் கண்ணாடியில் உப்புப் படியும். அந்த உப்புத்தான் அலுமாரியில் உள்ள பழைய சுண்ணாம்புக் கரண்டகத்திலும் குங்குமச் சிமிழிலும் நகைப்பெட்டியிலும் படிகிறது. கண்டியிலோ நுவரெலியாவிலோ ஐம்பது ஆண்டு அசையாமல் இருந்த பொருள், திருகோணமலைக்கு வந்து இரண்டு வாடைக்காலம் கண்டதும் பச்சை பூக்கத் தொடங்கும். ஆகவே இங்கே சேகரிப்போர் வேலைப்பாட்டையும் விலையையும் பார்க்குமுன், பொருள் எந்த உலோகம், எந்த மரம் என்று பார்ப்பது நல்லது.

அதிகம் கிடைப்பது பித்தளை. கரண்டகம், பாக்குவெட்டி, பன்னீர்ச் செம்பு, சிறு விளக்கு என்று பழைய வீடுகளில் ஏதாவது ஒன்று இருக்கும். விலையும் தாங்கக்கூடியது, கையில் கனமும் இருக்கும். ஆனால் உப்புக்காற்றுக்கு இதுதான் மிகவும் பயப்படும். பித்தளையில் வரும் பச்சை இரண்டு வகை. ஒன்று இறுக்கமாக ஒட்டிய, கரும்பச்சையான பழைய களிம்பு. அது பொருளைக் காக்கும் தோல், அதைச் சுரண்டக்கூடாது. மற்றது வெளிர்பச்சை மாவு. ஈர்க்கால் தொட்டால் உதிரும், துடைத்த இடத்தில் சில கிழமைகளில் மறுபடி பூக்கும். உப்பிலிருந்து உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு ஈரத்தைப் பிடித்து உள்ளே அரித்துக்கொண்டே போவதால் வருவது இது. 2004 ஆழிப்பேரலையில் நனைந்து, கழுவாமல் எடுத்துவைத்த பொருளென்றால் இதையே முதலில் தேடுங்கள். அப்படிப்பட்டதை மற்றப் பொருள்களிலிருந்து பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, கிழமைக்கொரு முறை நீரை மாற்ற வேண்டும். கிணற்று நீர் வேண்டாம், கடலோரக் கிணற்றில் உப்பு இருக்கும். பிறகு மெல்லிய சூட்டில் நன்றாக உலர்த்தி, ஈரம் புகாத பெட்டியில் வைக்க வேண்டும். குழி விழுமளவுக்கு முற்றியிருந்தால் வீட்டு வைத்தியம் போதாது. வாங்காமல் விடுவதே மேல்.

பித்தளையைக் கெடுப்பதில் நமது கைகளுக்கும் பங்குண்டு. புளி தேய்த்தால் பளபளக்கும். கூடவே பித்தளையில் உள்ள துத்தநாகத்தை அமிலம் கரைத்து, செம்பு நிறத் திட்டுகளை விட்டுச் செல்லும். வாரம் தோறும் துலக்கும் பூசைப் பாத்திரத்துக்கு அது சரி. நுண்கோடு வெட்டிய நூறாண்டுக் கரண்டகத்துக்குச் சரியில்லை. தேங்காய் எண்ணெய் அதைவிட மோசம். அதன் கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து, பிணைச்சலிலும் சங்கிலிக் கண்ணிகளிலும் பச்சைப் பிசினாக இறுகும். அமோனியா உள்ள பொலிஷும் ஆகாது. ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டுப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்பது 1921 இல் விளங்கியது. தட்டி மடித்து உருவாக்கிய மெல்லிய சிமிழுக்கும் அதே ஆபத்து உண்டு, வார்ப்புப் பொருளுக்குக் குறைவு. இளஞ்சூட்டு நீர், இரண்டு துளி மென்சவர்க்காரம், பழைய மெல்லிய பற்தூரிகை இவ்வளவும் போதும். உலர்ந்தபின் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பெற்றோலியத்திலிருந்து எடுக்கும், அமிலமில்லாத மெழுகு) விரல்நுனியளவு எடுத்து மெல்லப் பூசி, பருத்தித் துணியால் தேய்த்துவிடுங்கள். தேன்மெழுகில் அமிலம் இருப்பதால் அது உதவாது.

கரண்டகத்துக்குள் கல்லாகிப்போன சுண்ணாம்பை வினாகிரி ஊற்றிக் கரைக்க ஆசை வரும். அது சுண்ணாம்போடு பித்தளையையும் தின்னும். ஒரு இரவு நீரில் ஊறவிட்டு மூங்கில் சிம்பால் பெயர்த்தெடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும்: பாவித்த பொருள் என்பதற்கு அதுவே சாட்சி. புதிதாகச் செய்து அமிலம் தடவிப் பழசாக்கிய கரண்டகத்தில் பச்சை எல்லா இடமும் ஒரே சீராக இருக்கும். உண்மையில் பழசானதில் மூடியின் விளிம்பும் பெருவிரல் படும் இடமும் மழுங்கி மினுங்கும், குழிகளில் மட்டும் கருமை தங்கும்.

வெள்ளியைப் பற்றி நம்மவர்க்கு ஒரு பயம்: கடற்காற்றில் கறுத்துவிடும் என்று. கறுக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கருமை பெரும்பாலும் கந்தகத்தால் வரும் மெல்லிய மேற்படலம். பித்தளையை அரிக்கும் வெளிர்பச்சை போல உள்ளே இறங்காது. எனவே கடலுக்கு மிகக் கிட்ட உள்ள வீட்டுக்கு, பணம் இருந்தால், பித்தளையைவிட வெள்ளிச் சிமிழே பாதுகாப்பான தெரிவு. றப்பர் விரிப்பு, கம்பளித் துணி, முட்டை ஆகியவற்றின் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். அலுமினியத் தாள் விரித்து, சுடுநீரில் அப்பச்சோடா கலந்து அமிழ்த்தும் முறை கருமையைச் சில நிமிடத்தில் எடுத்துவிடும். சித்திரவேலைக்கு ஆழம் தரும் கருமையையும் சேர்த்தே எடுத்துவிடும், கல் பதித்ததிலும் அரக்கு நிரப்பியதிலும் நீர் புகுந்து தங்கும். வெறும் தட்டையான பொருளுக்கு மட்டும் அதைச் செய்யலாம்.

வெள்ளி என்று சொல்லிக் கையில் தருவது வெள்ளிதானா என்பதே பெரிய சிக்கல். 1957 வரை இங்கே பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது. வெள்ளி முலாம் பூசிய மேசைச் சாமான் அந்தக் காலத்து வீடுகளில் சாதாரணம். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்ற முத்திரை இருந்தால் அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவைக்கு மேல் பூசிய வெள்ளி. முத்திரை இல்லாத உள்ளூர்ச் சிமிழுக்கு இப்படிச் சோதியுங்கள். 0.1 கிராம் காட்டும் தராசில் சிமிழை நிறுங்கள். 84 கிராம் என்று வைப்போம். பிறகு நீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து இலக்கத்தைப் பூச்சியமாக்கி, திறந்த சிமிழை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு 8.1 காட்டினால் 84 ஐ 8.1 ஆல் வகுக்க 10.4 வரும். அது நல்ல வெள்ளி. 8.4 இலிருந்து 8.9 வரை வந்தால் பித்தளை, செம்பு அல்லது முலாம். மூடிக்குள் காற்றுக் குமிழி நின்றாலும், உள்ளே அரக்கு நிரம்பியிருந்தாலும் கணக்குப் பிழைக்கும்.

மரப்பெட்டிகளில் இரண்டு உலகம் உண்டு. முதிரையிலோ சமண்டலையிலோ முழுப் பலகையால் செய்த தடித்த பெட்டி ஒன்று. சமண்டலைக்கு மர வியாபாரத்தில் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர். உப்பு இந்த மரங்களை ஒன்றும் செய்யாது, இரும்பு ஆணியில்தான் கறள் பிடித்துப் பலகை கறுக்கும். மற்றது காலி நகரில் 19 ஆம் நூற்றாண்டில் செய்த கருங்காலிப் பெட்டிகள்: முள்ளம்பன்றி முள் பதித்தவை, பல மரத் துண்டு இழைத்தவை. கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் வாடையில் ஊதி, வைகாசிக்குப் பிறகு கச்சான் வீசும்போது சுருங்குவதால், பதித்த துண்டுகள் ஓரத்தில் கிளம்பும். முள் நமது நகத்தைப்போன்ற பொருள் என்பதால் தோல், கம்பளி தின்னும் வண்டின் புழு அதையும் தின்னும். கடலோர வீட்டுக்கு முழுப் பலகைப் பெட்டியையே நாங்கள் சொல்வோம்.

பெட்டியின் அடியில் மெல்லிய மாவு கொட்டினால் மரம் உளுக்கிறது. அலங்காரம் பதிக்காத பெட்டியை இரண்டு பொலித்தீன் பைகளில் காற்றுப் புகாமல் கட்டி, −18 பாகையில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஈரம் மரத்தில் வியர்க்கும். வயது பார்க்க ஒரு திருகாணியைக் கழற்றுங்கள். முனை கூராக இல்லாமல் மொட்டையாகவும், தலையின் வெட்டு நடுவிலிருந்து விலகியும் இருந்தால், பெரும்பாலும் 1840களின் நடுப்பகுதிக்கு முந்திய கைவேலை.

பீங்கான் பொம்மைகளுக்கு உப்பு பெரிய பகையில்லை, விழாமல் இருந்தால் போதும். சிப்பி ஒட்டிய பெட்டிகள் வேறு கதை. அவற்றை எம்.டி.எப். பலகை (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) அலுமாரியில் அடைத்துவைத்தால், பலகையிலிருந்து வரும் அமில ஆவி சிப்பியின் சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளையாகப் பூக்கும். பூஞ்சணம் என்று நினைத்துத் துடைப்பார்கள், சிப்பியே கரைந்துபோகும். இரும்புத் தட்டும் கண்ணாடிக் கதவும் கொண்ட அலுமாரிதான் எல்லாவற்றுக்கும் நல்லது. அது கடல் பார்த்த சுவரில் வேண்டாம். சாமி அறைக்குப் பக்கத்திலும் வேண்டாம், சாம்பிராணிப் புகையும் கற்பூரக் கரியும் வெள்ளியில் ஒட்டும்.

பித்தளையும் வெள்ளியும் வாடைக்காலத்தில், ஐப்பசி முதல் தை வரை, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போகட்டும். 10 லீற்றர் பெட்டிக்கு ஈரம் உறிஞ்சும் செம்மஞ்சள் சிலிக்கா ஜெல் 200 கிராம் போடுங்கள். நிறம் மாறினால் 120 பாகையில் மூன்று மணி நேரம் சூடாக்கி மறுபடி பாவிக்கலாம். அரிசி போடும் பழக்கத்தால் பயனில்லை, வண்டுதான் வரும்.

யானைத் தந்தமும் ஆமையோடும் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். அவற்றை விற்பதிலும் நாட்டைவிட்டுக் கொண்டுபோவதிலும் சட்டம் கடுமை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ உள்ள பிள்ளைகளுக்கு அப்பம்மாவின் கரண்டகத்தைக் கொடுத்தனுப்ப நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டமும் பழம்பொருள் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் கேட்கின்றன. பெட்டி கட்டுமுன் பொருளைப் படமெடுத்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள், விமான நிலையத்தில் அல்ல.