"குவாரண்டைன் முடிந்த மீன்" என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பிலிருந்து ஆன்லைனில் கடல் மீன் விற்கும் ஒருவர், "ஒரு மாசம் குவாரண்டைன் பண்ணின மீன், நேரா மெயின் தொட்டியிலேயே விடலாம்" என்று சொல்லி, மற்றவர்களை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை வாங்குகிறார். குவாரண்டைன் என்றால் புதிய மீனை முதலில் தனித் தொட்டியில் வைத்து நோய் பார்த்து மருந்து கொடுப்பது. அந்த மீன்கள் குவாரண்டைனில் இருந்தவை அல்ல. நானும் கல்முனையில் இருக்கும் என் நண்பனும் ஒரே பெட்டியில் மீன் எடுத்தோம். என் பக்கம் ஒரு மீன் மிஞ்சியது. அவன் பக்கம் புதிய மீன்களோடு, வருடக்கணக்காக வளர்த்த பழைய மீன்களும் போய்விட்டன.

விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. பெயரை மாற்றி இன்னொரு பக்கம் திறக்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும். ஏமாற்றும் விதம் தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

நாங்கள் எடுத்தது ஆளுக்கொரு பவுடர் புளூ டாங்கும், ஆளுக்கொரு சோடி கிளார்க்கி கோமாளி மீனும். இரண்டும் இலங்கைக் கடலில் உள்ள மீன்கள்தான். பவுடர் புளூ டாங்குக்கு நோய் தொற்றுவது மிகச் சுலபம் என்பது இந்த மீனை வளர்த்த எல்லோருக்கும் தெரியும். குவாரண்டைன் செய்த மீன் வேண்டும் என்று கூடுதல் காசு கொடுத்ததே அதனால்தான். அனுப்புவதற்கு முன் உப்பளவு எவ்வளவு என்று கேட்டேன். "1.025" என்று எழுதி அனுப்பினார், அது சாதாரணக் கடல் தண்ணீரின் அளவு. டாங் பெல்லட் தீனியைக் கவ்விச் சாப்பிடும் வீடியோவும் வந்தது.

இரவு பஸ்ஸில் பெட்டி வந்தது. பைத் தண்ணீரை உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தால் 1.017, உப்பு மிகக் குறைவு. அப்போதே விஷயம் சரியில்லை என்று புரிந்துவிட்டது. மீனின் ஒட்டுண்ணியைக் கொல்லப் போடும் செம்பு மருந்துதான் கொப்பர். அதைப் பார்க்கும் டெஸ்ட் கிட்டிலும் ஒரு துளி போட்டேன். நிறம் மாறியது, ஆனால் மிக இலேசாக. நோயைக் கொல்லும் அளவுக்கு அந்தத் தண்ணீரில் கொப்பர் இல்லை. நோயை மறைக்கும் அளவுக்கு இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல கடைகளில் உப்பைக் குறைத்து, கொப்பரையும் சிறிதளவு கலந்து மீன்களை வைத்திருப்பார்கள். உப்புச் செலவு குறையும், ஒட்டுண்ணி அடங்கிக் கிடக்கும், மீன் பார்க்கத் தெளிவாக இருக்கும். இதை வாங்குபவரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடங்கிய ஒட்டுண்ணி சாகவில்லை. கொப்பர் இல்லாத, உப்பு சரியாக உள்ள நல்ல தண்ணீருக்கு மீன் வந்ததும் அது கிளம்பும். மீனை இந்த நிலையில் வைத்துவிட்டு "குவாரண்டைன் முடிந்தது" என்று சொல்வது சுத்தமான பொய்.

யார் என்ன உறுதி சொன்னாலும் புதிய மீனைத் தனித் தொட்டியில்தான் விடுவது என்று வைத்திருக்கிறேன். அந்தத் தொட்டியில் மணல் இல்லை, கல் இல்லை. ஸ்பொஞ்ச் பில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள், அவ்வளவுதான். கல்லும் பவளமணலும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் வெறும் கண்ணாடி. தொட்டியின் உப்பளவை உடனே உப்பில்லாத தண்ணீர் கலந்து இறக்கி, பையோடு ஒத்துப் போக வைத்து மீன்களை விட்டேன். மீன்கள் உப்புக் குறைவதைத் தாங்கும், திடீரென்று கூடுவதைத் தாங்காது. நீண்ட தூரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவதும் ஆபத்து. பையில் அமோனியா சேர்ந்திருக்கும். மூடியிருக்கும்வரை கரியமில வாயுவால் பிஎச் இறங்கி, அதன் நஞ்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏறும், நஞ்சும் ஏறும்.

டாங் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு வேகமாக மூச்சு வாங்கியது, வெளிச்சத்தை விட்டு ஒதுங்கியது, தண்ணீர் ஓட்டத்துக்கு முகம் கொடுத்து ஒரே இடத்தில் நின்றது. உடம்பில் அப்போது ஒன்றும் தெரியவில்லை. மா தூவியது போன்ற மெல்லிய படலம் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. இது வெல்வெட் நோய். வெள்ளைப் புள்ளி நோயில் உப்புக்கல் அளவு புள்ளிகளை எண்ணிவிடலாம், பெரும்பாலும் கொஞ்சம் அவகாசமும் கிடைக்கும். வெல்வெட் முதலில் செவுளைப் பிடிக்கிறது. ஒரே ஒட்டுண்ணி பிரிந்து பிரிந்து 256 வரை ஆகும். அதனால்தான் மீன் ஓரிரு நாளில் சாகிறது.

மூச்சு வாங்கத் தொடங்கியதுமே முழு அளவு கொப்பர் போட ஆரம்பித்தேன். டாங் போய்விட்டது, ஒரு கோமாளி மீனும் போய்விட்டது. மற்றக் கோமாளி மீன் தப்பியது. மெயின் தொட்டிக்கு எதுவும் ஆகவில்லை.

கல்முனையிலிருந்து அழைப்பு வந்தது. "மச்சான், டாங் மூச்சு வாங்குது, டாம்செலும் அப்படித்தான் நிக்குது." விற்றவரின் வார்த்தையை நம்பி, அவர் சொன்னபடியே அவன் மெயின் தொட்டியில் விட்டிருந்தான். அதை அவன் பிழை என்று சொல்ல என்னால் முடியாது. அந்த உத்தரவாதத்துக்குத்தானே காசு கொடுத்தான்? அந்த வாரத்துக்குள் தொட்டியில் இருந்த மீன் எல்லாம் முடிந்தது. அவன் மகள் ஆசையாகப் பெயர் சூட்டி வளர்த்த கோபி மீனும் போனது.

விற்றவரிடம் படங்களோடு கேட்டோம். "பிரதர், உங்கட பக்கத்துத் தண்ணியிலதான் பிழை" என்றார். நான் பாவிப்பது கல்லடிக் கடலில் எடுத்துச் சுத்தப்படுத்திய தண்ணீர். நண்பன் பாவிப்பது ஆர்ஓ தண்ணீரில் கலந்த உப்பு. இரண்டு ஊர், இரண்டு விதத் தண்ணீர். ஆனால் நோய் ஒன்று, வந்த நேரமும் ஒன்று. பொதுவாக இருந்தது அவருடைய பெட்டி மட்டும்தான். இதை எழுதியதும் நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அப்புறம் இருவரையும் பிளாக் செய்துவிட்டார். திருகோணமலையில் இருக்கும் ஒருவரிடம் பேசியபோது, டாங் பெல்லட் சாப்பிடும் அதே வீடியோவைப் பல மாதங்களுக்கு முன்பே அவருக்கும் அனுப்பியிருந்தது தெரிந்தது.

ஆகவே குவாரண்டைன் என்று யாராவது சொன்னால் என்ன மருந்து, என்ன அளவு, எத்தனை நாள், எந்த டெஸ்ட் கிட்டில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். உண்மையாகச் செய்பவர் இதைப் பேச விரும்புவார். கொப்பர் பவர் போன்ற மருந்தென்றால் 2 முதல் 2.5 பிபிஎம் (லீட்டருக்கு மில்லிகிராம்) வரை, அயனி வகைக் கொப்பரென்றால் 0.5 பிபிஎம் அளவு என்று எண்ணாகச் சொல்வார். "மருந்து போட்டுத்தான் வச்சிருக்கம்" என்ற பதில் போதாது. அன்றைய திகதியைக் கடதாசியில் எழுதித் தொட்டியோடு சேர்த்து, மீன் தீனி எடுப்பதை வீடியோ கேளுங்கள். பை வந்ததும் உப்பளவையும் கொப்பரையும் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். கோமாளி மீனின் உடம்பில் சளி உரிந்து தொங்கினால் அது வேறு நோய், அதற்குக் கொப்பர் வேலை செய்யாது.

மீன் செத்துப்போனவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மனம் வெறுத்துத் தொட்டியைக் கழுவி விற்றுவிடத் தோன்றும். நண்பனும் அப்படித்தான் சொன்னான். அவசரப்பட வேண்டாம். பவளம், இறால், நத்தைகளுக்கு இந்த ஒட்டுண்ணி ஒன்றும் செய்யாது. அவை உயிரோடு இருக்கும்போது மெயின் தொட்டியில் கொப்பர் போட்டால் அவைதான் சாகும். மீனே இல்லாமல் தொட்டியை ஓட விட வேண்டும். 76 நாட்கள் என்பது வெள்ளைப் புள்ளி நோயையும் கணக்கில் வைத்து வளர்ப்பாளர்கள் கடைப்பிடிக்கும் அளவு. ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காவிட்டால் ஒட்டுண்ணி அழிந்துவிடும். இடையில் "ஒரு சின்ன மீன்தானே" என்று எதையும் விடக்கூடாது, விட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்துதான். வலை, வாளி எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கையையும் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடேயே நோய் அடுத்த தொட்டிக்குப் போகும்.

நண்பனின் தொட்டி இப்போது அப்படித்தான் ஓடுகிறது. இறாலுக்குத் தீனி போடும் வேலையை மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். என்ன நடந்தது என்று அவளுக்கு மறைக்காமல் சொல்லியிருக்கிறான், அது எனக்குப் பிடித்தது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி இருவரும் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கிறோம். வங்கிச் சிட்டை, வாட்ஸ்அப் உரையாடல், பைத் தண்ணீரை அளந்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. இதே விதமாக ஏமாந்தவர்கள் உங்கள் சிட்டையையும் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள், எங்களோடு சேர்ந்து கொடுக்கலாம். மட்டக்களப்பு ரவுண், கல்லடிப் பக்கம் இருப்பவர்கள் புதிய மீன் வாங்கினால் பைத் தண்ணீரில் கொஞ்சம் போத்தலில் எடுத்து வையுங்கள். என்னிடம் டெஸ்ட் கிட் இருக்கிறது, காசு வேண்டாம், பார்த்துத் தருகிறேன்.