கொன்டெய்னருக்குள் ஷெல் ஸ்கிரிப்டும் சூழல் மாறிகளும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கொழும்பில் சில்லறைக் கடைகளுக்கான விற்பனை மென்பொருளைப் பராமரிக்கும் எங்கள் குழு, இரவு அறிக்கைகளையும் தரவுத்தளக் காப்புப் பிரதிகளையும் எடுக்கும் ஷெல் ஸ்கிரிப்டுகளை, அதாவது ஷெல் எனும் நிரல் வரிசையாக இயக்கும் கட்டளைக் கோப்புகளை, பல ஆண்டுகளாக டொக்கர் கொன்டெய்னர்களுக்குள்ளேயே (மென்பொருளைத் தனியே பிரித்து இயக்கும் பெட்டிகளுக்குள்) இயக்கி வருகிறது. எல்லாக் கடைகளுக்கும் ஒரே இமேஜை (கொன்டெய்னரை உருவாக்கும் அச்சை) வைத்துக்கொண்டு, கடைக்குக் கடை மாறும் விபரங்களை மட்டும் சூழல் மாறிகளாக (நிரல் இயங்கும்போது வாசிக்கும் பெயர்-மதிப்பு இணைகளாக) வெளியிலிருந்து கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமளவு திருப்தியே. ஆனால், கொடுத்த மதிப்பு பிழையாக இருந்தாலும் டொக்கர் வாய் திறப்பதில்லை என்பது இதன் பெருங்குறை.

நேர வலயத்தையே எடுத்துக்கொள்வோம். மாறிகளை எழுதிவைத்த கோப்பை டொக்கர் ரன் கட்டளைக்குக் கொடுக்கும்போது, 'ஏசியா/கொலம்போ' என்ற மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறிகள் இருந்தால், அவையும் மதிப்பின் பகுதியாகவே உள்ளே போகும். அப்படியொரு வலயம் எங்கும் இல்லாததால், எந்த எச்சரிக்கையும் இன்றி யூடிசி எனும் உலகப் பொது நேரமே நடைமுறைக்கு வரும். இங்கே 5ஆம் திகதி அதிகாலை 12.15 மணி என்றால் யூடிசியில் 4ஆம் திகதி மாலை 6.45 மணிதான், ஆகவே 'நேற்றைய' விற்பனையைக் கேட்கும் ஸ்கிரிப்ட் 3ஆம் திகதியின் கணக்கை எடுத்துத் தரும். அதே கோப்பை, பல கொன்டெய்னர்களை ஒன்றாக இயக்கும் டொக்கர் கொம்போஸ் கருவி படித்தால் மேற்கோள் குறிகளைக் கழற்றிவிடும் என்பதால், கொம்போஸ் மூலம் பரீட்சிக்கும் கணினியில் எல்லாம் சரியாகவே தெரியும். அல்பைன் எனும் சிறிய லினக்ஸ் இமேஜிலோ, நேர வலயத் தரவுப் பொதியைத் தனியே நிறுவாவிட்டால், சரியான மதிப்பும் இதே கதிதான்.

டொலர் குறியிட்டு எழுதிய மாறிக்குக் கொன்டெய்னரின் மதிப்பு ஏன் வரவில்லை என்ற கேள்வி, புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமிருந்தும் வருவது. கட்டளை வரியில் இரட்டை மேற்கோளுக்குள் எழுதிய மாறியை வெளியே உள்ள ஷெல்லே விரித்து, தன்னிடமுள்ள மதிப்பை இட்டுவிடும்; ஒற்றை மேற்கோளுக்குள் இட்டு, உள்ளே ஒரு ஷெல்லை அழைத்து அதனிடம் கொடுத்தால்தான் கொன்டெய்னரின் மதிப்பு கிடைக்கும்.

எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் செய்யும் சோதனை. டொலர் குறியை அடுத்த நெளி அடைப்புக்குள் மாறியின் பெயரை அடுத்து ':?' இட்டு ஒரு செய்தியை எழுதினால், அந்த மாறி இல்லாதபோதும் வெறுமையாக உள்ளபோதும் ஸ்கிரிப்ட் அச்செய்தியைச் சொல்லி அங்கேயே நின்றுவிடும். டெபியன், அல்பைன் ஆகிய இரு லினக்ஸ் வகைகளின் ஷெல்லிலும் இது இயங்கும். எனினும், மாறியில் மதிப்பு இருந்து, அது பிழையானதாக இருந்தால் இதனால் பிடிக்க முடியாது. ஆதலால் வலயத்துக்காக, திகதிக் கட்டளை இலங்கையின் நேர வித்தியாசத்தை '+0530' என்று காட்டுகிறதா என்பதையும் அதே இடத்தில் பார்க்கிறோம்.

கடவுச்சொற்களுக்கு இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். டொக்கரை இயக்க அனுமதியுள்ள எவரும், கொன்டெய்னரின் விபரங்களைக் காட்டும் இன்ஸ்பெக்ட் கட்டளையால் அவற்றை அப்படியே வாசிக்கலாம். எங்கள் கடவுச்சொற்கள் இப்போது வாசிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்புகளாக உள்ளே இணைக்கப்படுகின்றன. மாறியில் இருப்பது அக்கோப்பின் பாதை மட்டுமே. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் உத்தியோகபூர்வ இமேஜும் கடவுச்சொல்லை இவ்வாறு கோப்புப் பாதையாக ஏற்றுக்கொள்வதால், அதற்கென வேறு ஏற்பாடு தேவைப்படவில்லை.