ஆளைப் படிக்கும் வித்தைக்கு ஒரு பாடநூல்: இயன் ரோலண்டின் கோல்ட் ரீடிங் நூல்

முன்பின் தெரியாத ஒருவரை எதிரில் உட்காரவைத்து, அவருடைய குணத்தையும் குடும்பத்தையும் கடந்துவந்த கஷ்டங்களையும் கூடவே இருந்து பார்த்ததுபோல் எடுத்துச் சொல்லும் வித்தையை, மனத்தைப் படிப்பதுபோல் மேடையில் செய்து காட்டும் மென்டலிஸ்டுகள் கோல்ட் ரீடிங் என்கிறார்கள். இதை முறையாகக் கற்க விரும்பும் மேடைக் கலைஞர்களிடம் அடிக்கடி பரிந்துரைக்கப்படும் ஆங்கில நூல், பிரிட்டனைச் சேர்ந்த இயன் ரோலண்ட் எழுதி 1998இல் முதன்முதலாக வெளிவந்த ‘தி ஃபுல் ஃபேக்ட்ஸ் புக் ஆஃப் கோல்ட் ரீடிங்’. உத்திகளைக் கற்றுத்தருவதில் இதைவிடத் தெளிவான நூலை நான் படித்ததில்லை. ஆனால் அந்த உத்திகளை எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் இதுவே கற்றுத்தந்துவிடும் என்று நம்பி வாங்குகிறவர், அதற்கு வேறு இடங்களிலும் தேட வேண்டியிருக்கும்.

பொதுவாக இந்த வித்தையைப் பற்றிப் பேசுகிறவர்கள், எதிராளியின் கண்ணசைவையும் உடல்மொழியையும் கூர்ந்து கவனிப்பதுதான் இதன் ரகசியம் என்று நினைக்கிறார்கள். ரோலண்ட் அதற்குப் பெரிய இடம் தருவதில்லை. அவருடைய அக்கறை முழுவதும் வாக்கியங்களின் மேல்தான் இருக்கிறது: குணத்தைப் பற்றிச் சொல்பவை, வாழ்க்கைச் செய்திகளைச் சொல்பவை, சொல்வதுபோல் காட்டிக்கொண்டு எதிராளியின் வாயைக் கிளறுபவை, எதிர்காலத்தைப் பற்றிச் சொல்பவை என்று வகைபிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டி, அது ஏன் பலிக்கிறது என்பதையும் விளக்குகிறார். இலக்கண நூல் படிப்பதைப் போன்ற அனுபவம் அது. சற்று வறட்சிதான், ஆனால் படித்து முடித்தபின் எந்த ஜோதிடக் காணொளியைப் பார்த்தாலும் ஒவ்வொரு வாக்கியமும் எந்த வகை என்று மனம் தானாகவே பிரிக்கத் தொடங்கிவிடுகிறது.

இரண்டு உத்திகளை மட்டும் நம் பேச்சுக்கு மாற்றிக் காட்டுகிறேன். முதலாவது, ஒரு குணத்தையும் அதன் நேரெதிர் குணத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. “நீங்கள் அநாவசியமாக யாரிடமும் பேசுகிறவர் இல்லை, ஆனால் மனத்துக்குப் பிடித்தவர்கள் கூடிவிட்டால் அந்த இடத்தைக் கலகலப்பாக்குவதும் நீங்கள்தான்” என்று சொன்னால் இல்லையென்று மறுக்கக்கூடியவர் அநேகமாக ஒருவரும் இருக்கமாட்டார். இதை நூல் ‘வானவில் தந்திரம்’ என்கிறது. இரண்டாவது, எதிர்மறையாகக் கேட்டுவிட்டு, பதில் வந்தபின் அந்த எதிர்மறையையே மறைத்துவிடுவது. “வீட்டில் நீங்கள் மூத்த பிள்ளை இல்லையே?” என்று இழுத்தாற்போல் கேட்க வேண்டும். “ஆமாம், மூத்தவன்தான்” என்று பதில் வந்தால், “அதுதான், சின்ன வயதிலேயே தலையில் விழுந்த பொறுப்பு முகத்தில் தெரிகிறது” என்று தொடரலாம். “இல்லை, நான் கடைசி” என்று வந்தால், “இல்லைதானே, எனக்கும் அப்படித்தான் பட்டது” என்று கடந்து போய்விடலாம். காகிதத்தில் படிக்கும்போது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இந்த வித்தை, சரியான வேகத்தில் சொல்லப்படும்போது கேட்பவர் நினைவில் ஒரு சரியான கணிப்பாகவே பதிந்துவிடுகிறது. கேட்ட கேள்வி என்ன என்பதைப் பிறகு அவரால் சரியாகச் சொல்லவும் முடியாது.

கணிப்பு தவறிப்போனால் என்ன செய்வது என்று விளக்கும் பகுதியை நூலின் உயிர்நாடி என்றே சொல்வேன். தவறு என்று ஒன்று இருக்கவே முடியாதபடி ஆட்டம் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. சொன்னது இப்போது பொருந்தாவிட்டால் இனிமேல் நடக்கப் போவதாகிவிடும். எதிரில் இருப்பவருக்குப் பொருந்தாவிட்டால் அவர் வீட்டில் இன்னொருவருக்குப் பொருந்தும். அதுவும் இல்லையென்றால், “உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்” என்று பொறுப்பைக் கேட்பவர் தலையிலேயே கட்டிவிடலாம்.

இது பலிப்பதற்குக் காரணம் கேட்பவர்கள் ஏமாளிகள் என்பது அல்ல. 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை ஒன்றை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தயாரித்த மதிப்பீடு என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். 39 பேருக்கும் கிடைத்தது ஒரே வாசகம். அதில் பெரும்பகுதி, கடையில் விற்ற ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அது தம்மை எவ்வளவு சரியாக விவரிக்கிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது கிடைத்த சராசரி 4.26. பொதுவான வார்த்தைகளுக்குத் தன் வாழ்க்கையிலிருந்து பொருள் எடுத்துக் கொடுப்பவர் கேட்பவரே என்பது அதிலிருந்து புலப்படுகிறது. ரோலண்டின் உத்திகள் அத்தனையும் அந்த ஒரு அச்சில்தான் சுழல்கின்றன.

நூலின் பெரிய குறை, அதன் எடுத்துக்காட்டுகள் பிரிட்டிஷ், அமெரிக்க வாழ்க்கையில் வேர்கொண்டிருப்பது. அவற்றை அப்படியே மொழிபெயர்த்து நம் ஊர் மேடையில் பேசினால் ஒன்றும் ஒட்டாது. எந்தப் பூட்டுக்கு உரியது என்று தெரியாத சாவி, நின்றுபோய் இழுப்பறையில் கிடக்கும் கைக்கடிகாரம், முழங்காலில் பழைய தழும்பு போன்றவை எல்லா நாட்டுக்கும் பொதுவானவை. ஆனால் நகரத்துக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்திடம் “குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியது ஒன்று தள்ளிக்கொண்டே போகிறது” என்பது எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதை எந்த லண்டன்காரரும் எழுதித் தர முடியாது. எடுத்தும் இன்னும் தைக்கக் கொடுக்காத ரவிக்கைத்துணி, பங்காளிகளுக்குள் பாகம் பிரியாமல் கிடக்கும் நிலம், அடகு வைத்து மீட்ட நகை, வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய உறவு என்று நமக்கான பட்டியலை நாமேதான் தொகுத்துக்கொள்ள வேண்டும். நம் குறி சொல்கிறவர்கள் இந்தப் பட்டியலை நூல் எதுவும் படிக்காமலே தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். குரலின் ஏற்ற இறக்கமும் நிறுத்தி நிதானிக்க வேண்டிய இடமும் நூலில் கிடைக்காது. அவர்களில் ஒருவருக்குப் பணம் கொடுத்து எதிரில் உட்கார்ந்து, சொல்வதைக் கவனமாகக் கேட்டால் நிறையவே கிடைக்கும்.

நெறி பற்றிய பேச்சில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ரே ஹைமன். பின்னாளில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராகவும், அமானுஷ்யக் கோரல்களைச் சோதிப்பதில் பெயர்பெற்றவராகவும் விளங்கிய இவர், பதின்ம வயதில் கைச்செலவுக்காகக் கைரேகை பார்த்தவர். தொடக்கத்தில் நம்பிக்கையில்லாமல்தான் பார்த்தார். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் அப்படியே இருக்கிறது என்று வியந்து வியந்து சொல்லவே, ரேகைகளில் உண்மையாகவே ஏதோ இருக்கிறது என்று அவரும் நம்பத் தொடங்கிவிட்டார். அப்போது ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற மென்டலிஸ்ட், ரேகை என்ன சொல்கிறதோ அதற்கு நேர்மாறாக வேண்டுமென்றே சொல்லிப் பாருங்கள் என்று யோசனை கூறினார். ஹைமன் அப்படியே செய்தார். வந்தவர்கள் முன்போலவே வியந்து பாராட்டினார்கள். மற்றவரை ஏமாற்றுவதைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்கள். ஆனால் நல்லெண்ணத்தோடு இந்தக் கலைக்குள் நுழைகிறவரை முதலில் ஏமாற்றுவது எதிரில் இருப்பவரின் தலையசைப்புதான். நானும் நண்பர்களுக்கு விளையாட்டாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கண் கலங்கிவிட்டால், நமக்குள் ஏதோ சக்தி இருக்கிறதோ என்ற எண்ணம் ஒரு கணம் எட்டிப்பார்க்கத்தான் செய்கிறது. இந்தக் கலையைக் கற்பிக்கும் எந்த நூலும் ஹைமனின் இந்த அனுபவத்தை முதல் பாடமாக வைத்தால் நன்றாக இருக்கும்.

முன்கூட்டியே தகவல் திரட்டி வைத்துக்கொண்டு சொல்லும் ஹாட் ரீடிங் வேறு வகை. அமெரிக்கப் பிரசங்கியார் பீட்டர் பாப்பாஃப், கூட்டத்தில் இருந்தவர்களின் பெயரையும் நோயையும் கடவுள் தமக்குச் சொல்வதாகக் கூறியபோது, உண்மையில் அவருடைய மனைவி அந்த விவரங்களை 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காதுக் கருவிக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை 1986இல் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழு ஒலிப்பதிவு செய்து அம்பலப்படுத்தியது. அது சந்தேகத்துக்கு இடமில்லாத மோசடி. கோல்ட் ரீடிங்கில் எல்லைக்கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை என்பதால்தான் கற்பவருக்குச் சில கட்டுப்பாடுகள் தேவைப்படுகின்றன. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் “இது பொழுதுபோக்குக்காக மட்டுமே” என்று ஒரு வரி சொல்லிவிட்டு, பிறகு இரண்டு மணி நேரம் அதற்கு மாறாகவே நடந்துகொள்ளும் மேடைப் பழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. இறந்தவர்களின் சார்பில் பேசக்கூடாது, நோயைப் பற்றியும் பணத்தை எதில் போடலாம் என்பதைப் பற்றியும் வாய் திறக்கக்கூடாது, நிகழ்ச்சி முடிந்தபின் தனியாக வந்து ஆலோசனை கேட்பவரிடம் செய்தது வித்தைதான் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். கோவை போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பசவ பிரேமானந்த், சாமியார்களின் அற்புதங்களை மேடையில் செய்து காட்டிவிட்டு அவை எப்படிச் செய்யப்படுகின்றன என்பதையும் விளக்கினார். எல்லா மென்டலிஸ்டுகளும் அப்படி ரகசியத்தை அவிழ்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அவர்கள் பிழைப்பு. தெய்வீகம் என்று கோராமல் இருந்தால் போதும்.

வாங்கலாமா என்றால், மேடையேற நினைப்பவர்களும், ஜோதிடம், குறி, ஆவி ஊடகம் போன்றவற்றை உள்ளிருந்து புரிந்துகொள்ள விரும்புபவர்களும் தயங்காமல் வாங்கலாம். ஆங்கிலம் சிரமமானதல்ல, ஒரே மூச்சில் படிக்காமல், ஓர் உத்தியைப் படித்ததும் அதற்குத் தமிழில் சில வாக்கியங்களை எழுதிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு ரோலண்டோடு உடன்பாடில்லை. இதே கலையை வியாபாரப் பேச்சிலும் விற்பனையிலும் பயன்படுத்தலாம் என்று அவர் கற்றுத்தருகிறார். சீட்டு வாங்கி அரங்குக்கு வந்தவருக்குத் தாம் பார்ப்பது வித்தை என்பது தெரியும். மனை விற்பவர் முன்னால் உட்கார்ந்து, “உங்களைப் பார்த்தால் பிள்ளைகளுக்காகவே எல்லாவற்றையும் தள்ளிப்போட்டவர்போல் தெரிகிறது” என்ற வாக்கியத்தைக் கேட்டு நெகிழ்ந்துபோகும் தகப்பனாருக்கு அது தெரியாது. அவர் கையில் இருப்பதோ முன்பணத்துக்கான காசோலை.