62,500 ரூபாய் கொடுத்து வாங்கிய வில்லை என் மகளால் இழுக்கவே முடியவில்லை

நேற்று ராத்திரிதான் சென்னையிலிருந்து வேலூர் திரும்பினேன். கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பிள்ளைக்குக் காம்பவுண்ட் வில் (இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில்) வாங்க யாராவது பணம் சேர்த்துக்கொண்டிருந்தால், கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படியுங்கள். புதிதாகப் பழகுபவர்களுக்கு எத்தனை பவுண்டு (நாணை இழுக்க வேண்டிய பலம்) வில் சரி, அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என் மகளுக்கு 13 வயது, எடை 38 கிலோ. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வில்வித்தை வீராங்கனை ஜோதி சுரேகா மூன்று தங்கம் வாங்கியதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வில் பைத்தியம். ஒரு வருடம் மூங்கில் வில்லில் பழகினாள். காம்பவுண்டுக்கு மாறலாம் என்று கோச் சொன்னார். அவர் ஒரு போட்டிக்கு வெளியூர் போயிருந்த வாரத்தில் என் மனைவி சீட்டு எடுத்தாள், பணம் கைக்கு வந்தது, கிளம்பிவிட்டோம். கோச் வரும்வரை காத்திருக்காதது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

அது வில், அம்பு, ஏர்கன், கூடாரம் எல்லாம் விற்கிற கடை. பெயர் சொல்லப் போவதில்லை. உள்ளே போனதுமே அந்த ஆள் பேசிய பேச்சில் மயங்கிவிட்டோம். "2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி வருது சார், இப்ப ஆரம்பிச்சாத்தான் உண்டு" என்றார். அது உண்மைதான். "அதிதி சுவாமி 17 வயசுல உலக சாம்பியன்" என்றார். அதுவும் உண்மை. இரண்டு உண்மையைச் சொன்னவர் மூன்றாவதாகப் பொய் சொல்வார் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

கறுப்பு வில் ஒன்றை எடுத்தார். "இது பாப்பா கைக்கு ஆகுமா? கனமா இருக்காதா?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். "80 பர்சன்ட் லெட்-ஆஃப் சார், முழுசா இழுத்ததும் கனம் அவ்ளோ கொறஞ்சிடும். கையில நிக்கிறது வெறும் 10 பவுண்டு. நீங்களே பாருங்க" என்றவர், அவள் பின்னால் நின்று, அவள் கைமேல் தன் கையை வைத்து நாணைக் கடைசிவரை இழுத்தார். இழுத்து நிறுத்திவிட்டுத் தன் பிடியை மெல்லத் தளர்த்தினார். "எவ்ளோ லேசா இருக்கு பாத்தியா பாப்பா?"

"ஆமாப்பா, லேசாத்தான் இருக்கு" என்று சிரித்தாள். நான் போனில் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். திரும்ப அவரே அவள் கையோடு சேர்த்துப் பிடித்து நாணை இறக்கினார். வில், ஒரு டஜன் கார்பன் அம்பு, ரிலீஸ் (நாணைப் பிடித்து விடும் கருவி), பெட்டி எல்லாம் சேர்த்து 62,500 ரூபாய். நின்ற இடத்திலேயே ஜிபேயில் அனுப்பினேன்.

வீட்டில் அவளால் பாதிகூட இழுக்க முடியவில்லை. போன் செய்தேன். "ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான் சார், ரெண்டு வாரத்துல செட் ஆயிடும்." நம்பினேன். மூன்றாம் நாள் வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி, முதுகை வளைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ இழுத்துவிட்டாள். நாங்கள் கை தட்டினோம். இறக்கும்போது வில் அவள் கையை வெடுக்கென்று முன்னால் பிடுங்கியது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அடுத்த நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது தலை பின்ன வலது கை காதுக்கு மேல் ஏறவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "அம்மாவோட சீட்டுப் பணம்ப்பா" என்கிறாள். தோள்பட்டைத் தசைநாரில் வீக்கம், ஆறு வாரம் வில்லைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊர் திரும்பிய கோச்சிடம் வில்லைக் கொண்டுபோனேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிக் கீழ் லிம்பின் (வில்லின் வளையும் பட்டையின்) உட்பக்கம் இருந்த சின்ன ஸ்டிக்கரைக் காட்டினார். 50-60 என்று போட்டிருந்தது. லிம்ப் போல்ட்டை முடிந்தவரை தளர்த்தினாலும் 50 பவுண்டுக்குக் கீழே இறங்காத வில். 50 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 23 கிலோ. உலகப் போட்டிகளிலேயே காம்பவுண்டுக்கு அதிகபட்சம் 60 பவுண்டுதான் அனுமதி. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் அந்த லெட்-ஆஃப் கதை. 10 பவுண்டு ஆவது கடைசியில்தான். இழுக்க இழுக்கக் கனம் ஏறும். அந்த 50 பவுண்டு மேட்டைத் தாண்டி கேம் (முனையில் இருக்கும் சக்கரம்) உருண்ட பிறகுதான் கனம் குறையும். இறக்கும்போதும் அதே மேட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். கடைக்காரர் அந்த மேட்டை இரண்டு முறையும் தன் பலத்தில் தாண்டிக் கொடுத்துவிட்டு, நடுவில் இருந்த லேசான இடத்தை மட்டும் என் மகளுக்குக் காட்டியிருக்கிறார். தெரியாமல் செய்த வேலை இல்லை இது.

அன்றைக்கு நான் எடுத்த படத்தைக் கோச்சிடம் காட்டினேன். நாண் அவள் காதைத் தாண்டிப் பின்னால் போயிருக்கிறது. கைகளை விரித்தால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனிவரை எத்தனை அங்குலமோ, அதை இரண்டரையால் வகுத்தால் இழுக்கும் நீளம் சுமாராகத் தெரிந்துவிடுமாம். அவளுக்கு 58 அங்குலம், அதாவது 23 அங்குலம் இழுக்கிற வில் போதும். இது 27. அவள் அளவுக்குக் குறைக்கவே முடியாத மாடல். அம்புகளும் 50 பவுண்டுக்கு ஏற்ற விறைப்பு, சின்ன வில்லுக்கு உதவாது.

கடைக்குத் திரும்பப் போன் செய்தேன். போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்துங்கள் என்றார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டு மூன்று பவுண்டுதான் குறையும், ஏற்கெனவே அது கடைசி அளவில் இருக்கிறது, அதற்கு மேல் தளர்த்தினால் லிம்ப் கழன்று முகத்தில் அடிக்கும் என்கிறார் கோச். இதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள். அடுத்த முறை, வேறு லிம்ப் போடலாம், 19,000 ரூபாய், முழுப் பணமும் முன்னாடியே கட்ட வேண்டும், வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், "நாண்ல தேய்மானம் இருக்கு சார், யூஸ் பண்ணின பொருள்." அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது.

நேற்று நேரில் போனேன். ஒன்றரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "பாப்பா வளரத்தானே போகுது, அப்ப யூஸ் ஆகும்" என்றார். நான் விடவில்லை. "நீங்க பாத்துத்தானே வாங்கினீங்க? நான் கட்டாயப்படுத்தினேனா?" என்று குரலை உயர்த்தினார். பில்லை நீட்டினால் அதில் "ஆர்ச்சரி செட் - 1" என்று மட்டும் இருக்கிறது. மாடலும் இல்லை, பவுண்டும் இல்லை. 62,500 ரூபாய்க்கு ஒரே வரி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, வில்லை மட்டமாகப் பிடித்து, யாரும் கை வைக்காமல் தானே இழுக்கச் சொல்லுங்கள். மேலே தூக்கினாலோ உடம்பு முறுக்கினாலோ அந்த வில் வேண்டாம். இழுத்துச் சற்று நேரம் நிறுத்தி, மெதுவாகத் தானே இறக்கவும் வேண்டும். அம்பு இல்லாமல் நாணை மட்டும் விட்டுவிடவே கூடாது, வில் உடையும். லிம்ப் ஸ்டிக்கரை உங்கள் கண்ணால் படியுங்கள். என் மகள் வயதுக்கு 20, 25 பவுண்டில் தொடங்கினால் போதும் என்கிறார் கோச். பத்துப் பதினைந்து பவுண்டிலிருந்து படிப்படியாக ஏற்றிக்கொள்ளும் வில்கள் இருக்கின்றன, நான் கொடுத்ததைவிடக் குறைந்த விலைக்கே. பில்லில் மாடல், பவுண்டு, இழுக்கும் நீளம் மூன்றையும் எழுதி வாங்கிய பிறகு பணம் அனுப்புங்கள்.

வில் பெட்டியோடு கட்டிலுக்கடியில் கிடக்கிறது. 27 அங்குல நீளத்தில் 50 பவுண்டு இழுக்கக்கூடிய பெரியவர் யாராவது வேலூர்ப் பக்கம் தேடிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன். ஆனால் நேரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து மூன்று தடவை இழுத்து இறக்கிக் காட்ட வேண்டும். அப்புறம்தான் பணம் வாங்குவேன்.