கம்பி வைத்த நீ கேப்: முப்பத்தைந்தைத் தாண்டிய ஆட்டக்காரர் வாங்கலாமா?

பொங்கல் டோர்னமென்ட் நெருங்கினால் பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை என்று எந்த ஊர் வாலிபால் டீமிலும் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் மெடிக்கல் ஷாப்புக்கு வந்து நிற்பார். "கம்பி வெச்ச நீ கேப் இருக்காண்ணா? அதப் போட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஆடலாமா?" முதல் கேள்விக்குக் கடைக்காரர் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார். இரண்டாவது கேள்விக்குப் பெட்டியில் பதில் கிடையாது. பொருள் எப்படி என்பதோடு அந்தக் கேள்விக்கும் சேர்த்தே இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள், அதாவது முட்டியில் மாட்டும் அந்த நீ கேப். நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் துணி. முன்னால் முட்டிச் சில்லுக்கு ஒரு வட்ட ஓட்டை, ஓட்டையைச் சுற்றி மெத்தென்ற வளையம். இரண்டு பக்கமும் தைத்த பைக்குள் உலோகப் பட்டை, அதன் நடுவில் மடங்கும் கீல். மேலும் கீழுமாக வெல்க்ரோ வார்கள். சாதாரணத் துணி நீ கேப் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். இது பல கடைகளில் ஆயிரத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். காலுக்குள் நுழைத்து மேலே இழுக்கும் ரகம், பிரித்துச் சுற்றிக் கட்டும் ரகம் என்று இரண்டு உண்டு. சுற்றிக் கட்டும் ரகத்தையே வாங்குங்கள். ஷூவைக் கழற்றாமல் மாட்டலாம், செட்டுக்கு நடுவே தளர்த்திக் காற்று விடலாம், ஆட ஆடத் தொடை உப்பினால் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் பொருளின் பலமும் எல்லையும் புரிய வேண்டுமானால் அமெரிக்கக் கால்பந்துப் பக்கம் கொஞ்சம் போய்வர வேண்டும். அங்கே குவார்ட்டர்பேக் என்பவர்தான் டீமின் மூளை. பந்தை வாங்கி, எதிராளிகள் மேலே வந்து விழுவதற்குள் எறிய வேண்டியவர். ஜோ நமத் என்ற குவார்ட்டர்பேக்குக்கு 1965 ஜனவரியில், தொழில்முறை ஆட்டத்தில் இறங்குவதற்கு முன்பே, முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு கீல் வைத்த பட்டையோடுதான் ஆடினார். 1969 ஜனவரியில் நியூயார்க் ஜெட்ஸ் டீமுக்கு சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்துக் கொடுத்ததும் அந்த முட்டியோடுதான். 1977இல், 34 வயதில், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் டீமுக்குப் போனார். சிகாகோவுக்கு எதிரான ஆட்டத்தில் நான்கு முறை பந்தை எதிராளி கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் களம் இறங்கவில்லை. பட்டை பன்னிரண்டு வருஷம் பக்கவாட்டு ஆதரவு கொடுத்தது. பந்தை எறிய நகர்ந்து போக வேண்டிய காலை அதனால் திருப்பித் தர முடியவில்லை. பிற்காலத்தில் இரண்டு முட்டியும் மாற்று அறுவை சிகிச்சைக்குப் போனது.

டாம் பிரேடி என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கின் கதை வேறு மாதிரி. 2008 செப்டம்பரில், அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே, எதிராளி ஒருவர் இடது முட்டியில் வந்து மோதியதில் தசைநார்கள் கிழிந்தன. ஒரு வருஷம் வெளியே. திரும்பி வந்து இடது காலில் பட்டையோடு ஆடியவர், 2021 பிப்ரவரியில் 43 வயதில் தன் ஏழாவது சூப்பர் பவுலை ஜெயித்தார். வலது கைக்காரருக்கு ஏன் இடது காலில் பட்டை? எறியும்போது உடம்பின் பாரம் முழுக்க முன்னால் ஊன்றிய இடது காலுக்குப் போகிறது. ஊன்றிய கால் நகராது. அந்த நேரத்தில் பக்கவாட்டில் அடி விழுந்தால் முட்டி உள்பக்கமாக மடங்கும். நம்ம ஊர் ஆட்டத்திலும் இதே கணக்குதான். வலது கையால் ஸ்மாஷ் அடிப்பவர் பெரும்பாலும் இடது காலில்தான் இறங்குகிறார். வலது கை வேகப்பந்து வீச்சாளரின் பாரமும் இடது முட்டியில்தான். இரண்டு முட்டியும் வலிக்கிறது, ஒன்று வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால், அடிக்கிற கைக்கு எதிர்க்காலுக்கு வாங்குங்கள்.

கீலின் வேலை இந்தப் பக்கவாட்டு மடக்கத்தைத் தாங்குவது மட்டும்தான். முட்டியின் உள்பக்கத் தசைநாரில் அடிபட்டு ஆறி, டாக்டர் ஆட அனுமதித்தவருக்கு இது நிஜமான உதவி. கால் ஊன்றியபடி உடம்பு திரும்பும்போது முட்டிக்குள் நடக்கும் முறுக்கை இந்தக் கடை ரகம் பெரிதாகத் தடுக்காது. தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. கிழிந்த ஜவ்வை ஒட்ட வைக்காது. போட்டதும் முட்டி "கெட்டியா" இருப்பதுபோல் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் சூடும் துணியின் பிடியும்தான். அந்த உணர்வை சாதாரணத் துணி நீ கேப்பும் தரும்.

அளவு எடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பேன்ட் மேல் டேப் வைத்து அளந்தால் தப்பு. நின்றபடி முட்டியை லேசாக மடக்கி, வெறுங்காலில் அளக்க வேண்டும். சில கம்பெனிகள் சில்லின் நடுவில் சுற்றளவு கேட்கும், சில கம்பெனிகள் சில்லுக்கு 15 செ.மீ. மேலே தொடையில் கேட்கும். பெட்டியில் உள்ள படத்தைப் பார்க்காமல் "லார்ஜ் கொடுங்க" என்று வாங்கினால் முதல் செட்டிலேயே கெண்டைக்கால் வரை இறங்கி வந்துவிடும். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் சின்னதைப் போட்டு, கடையிலேயே பத்து முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். சுற்றிய பிறகு மேல் வாருக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

மாட்டும் முறை: உட்கார்ந்து, காலைப் பாதி மடக்கி, கீலின் நடு முட்டிச் சில்லின் நடு உயரத்துக்கு வரும்படி வையுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் கீல் காலின் நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். முட்டி அந்த இடத்தை ஒட்டித்தான் மடங்குகிறது. ஒரு விரல் கீழே போனாலும் மடக்கும் ஒவ்வொரு தடவையும் பட்டை தொடையைக் கீழே இழுக்கும். முட்டிக்குக் கீழே உள்ள வாரை முதலில் கட்டுங்கள், கெண்டைக்கால் சதைதான் பட்டை நழுவாமல் பிடித்து வைக்கும் இடம். பிறகு தொடை வார்கள். எல்லாம் கட்டியதும் எழுந்து பத்து அடி நடந்து, ஒருமுறை திரும்ப இறுக்குங்கள். இவ்வளவு செய்தும் நழுவிக்கொண்டே இருந்தால் குறை பட்டையில் இருக்காது. தொடைச் சதை வற்றியிருக்கும். சில்லுக்கு 15 செ.மீ. மேலே இரண்டு தொடையையும் அளந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

அதிகம் இறுக்கினால் வரும் தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் விரலால் தடவினால் ஒரு எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கீழ் வார் அதன்மேல் அழுத்தினால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும், பாதத்தைத் தூக்கும் பலம் குறையும். மரத்தால் உடனே கழற்றுங்கள், "செட் முடியட்டும்" என்று இருக்க வேண்டாம். வலி போக்கும் தைலமோ ஜெல்லோ தடவி அதன்மேல் நியோபிரீனைக் கட்டவும் கூடாது. காற்றுப் போகாத இடத்தில் மருந்து தேங்கித் தோல் எரிந்து கொப்புளிக்கும். சித்திரை வெயிலில் மெல்லிய பருத்திக் காலுறையை உள்ளே போட்டுக்கொண்டால் வேர்க்குரு குறையும்.

நம் மாவட்டங்களின் செம்மண் மைதானம் இந்தப் பொருளுக்குப் பெரிய எதிரி. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் மண்ணும் நூலும் அடைந்தால் பிடி போய்விடும். பழைய டூத் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தேய்த்து எடுங்கள். கீலுக்குள் மண் போனால் மடக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். துவைக்கும் முன் உலோகப் பட்டைகளைப் பையிலிருந்து உருவிவிட்டு, வெல்க்ரோவை ஒட்டி மூடி, பச்சைத் தண்ணீரில் லேசான சோப்பில் கையால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் நியோபிரீன் விறைத்து ஓரம் வெடிக்கும். முதலில் பிய்வது பட்டைப் பையின் அடித்தையல். அங்கே முனை வெளியே வந்துவிட்டால் பக்கத்து ஆட்டக்காரர் காலைக் கிழிக்கும். கபடி ஆடுபவர்கள் இதை வாங்கவே வேண்டாம். பிடிக்க வருபவரின் முகத்திலும் கையிலும் உலோகம் படும். அவர்களுக்குத் துணி நீ கேப்தான்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. பட்டை போட்டு ஆடும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது. ஆடிய மறுநாள் காலை, பட்டை இல்லாமல் கட்டிலில் இரண்டு காலையும் நீட்டிப் பாருங்கள். சில்லின் இரண்டு பக்கமும் இருக்கும் குழி தெரிகிறதா? ஒரு பக்கக் குழி நிரம்பி மொழுமொழுவென்று இருந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. இரண்டு நாளில் வற்றினால் ஆட்டத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கோத்துக்கொண்டு அடுத்த ஆட்டம் வரை வற்றாமல் இருந்தால் முட்டி அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. அடுத்தது, ஒற்றைக் கால் தாண்டல். நல்ல காலில் ஒரே எட்டில் தாண்டி அதே காலில் நிலையாக நில்லுங்கள். தூரத்தை அளந்து, மறுகாலிலும் செய்யுங்கள். அடிபட்டவர்களை மறுபடி ஆட விடும்போது பிசியோதெரபிஸ்ட்கள் பரவலாகப் பார்ப்பது பலவீனமான கால் மற்றதில் 90 சதவீதமாவது தாண்டுகிறதா என்பது. அதாவது ஒன்று 150 செ.மீ. என்றால் மற்றது 135. வீங்கிய முட்டியோடு இதைச் செய்ய வேண்டாம். மூன்று மாதம் ஒழுங்காகத் தொடைக்குப் பயிற்சி செய்த பிறகும் 90ஐ எட்டவில்லை என்றால், ஸ்மாஷ் அடிக்கும் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய வேளை வந்துவிட்டது. முட்டி மடக்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலோ, பட்டை போட்டும் கால் சட்டென்று விட்டுப்போனாலோ மூன்று மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம். எலும்பு டாக்டரிடம் போங்கள்.

விட்டுக்கொடுப்பது என்றால் மைதானத்தை விட்டே போவது என்று ஏன் நினைக்க வேண்டும்? பேட்டன் மேனிங் என்ற குவார்ட்டர்பேக்கின் கடைசி சீசனைப் பாருங்கள். 2015 நவம்பரில், எறிந்த மொத்த யார்டுகளில் சாதனை படைத்த அதே ஆட்டத்தில், நான்கு தடவை பந்தை இழந்ததால் பாதியில் வெளியே உட்கார வைக்கப்பட்டார். திரும்பி வந்தபோது பழைய மேனிங்காக ஆட முயலவில்லை. நீள எறிகளைக் குறைத்தார், ஆட்டத்தின் பாரத்தை அவருடைய டென்வர் டீமின் தடுப்பு வரிசை சுமந்தது. 2016 பிப்ரவரியில் சூப்பர் பவுலை ஜெயித்தார். மார்ச்சில், 39 வயதில், விலகினார். மூத்தவர் ஒருவர் எப்படி இறங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

வாலிபாலில் அந்த இடம் செட்டருடையது. பந்தைத் தூக்கிக் கொடுப்பவருக்கும் ஓட்டம் உண்டு, ஆனால் வலைக்கு மேலே எகிறி ஒற்றைக் காலில் இறங்கும் அடி அவருக்கு மிகக் குறைவு. பதினைந்து வருஷம் ஸ்மாஷ் அடித்தவருக்கு எந்தப் பந்து அடிக்கத் தோதானது என்று தெரியும். இளையவர்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல செட்டர் அவர்தான். அப்படி இடம் மாறுகிறவர், பழைய தசைநார் காயம் இல்லாத பட்சத்தில், ஆயிரம் ரூபாய்க் கம்பிப் பட்டை வாங்க வேண்டாம். சரியான அளவில் துணி நீ கேப் ஒன்று, அடிப்பாகம் தேயாத ஷூ ஒரு ஜோடி. மீதிப் பணத்துக்கு பிசியோதெரபிஸ்ட்டிடம் இரண்டு தடவை போய்த் தொடைப் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு வாருங்கள்.